ஸ்டால் பதிவுக்கு முன் ஆறு இலக்க எண்: ஏற்றுமதி வளர்ச்சி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்றுமதி வளர்ச்சி அமைப்புகள், சிறுதொழில் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இருபது முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடங்களுக்கு ஏற்றுமதி விலை போட்டுக் கொடுப்பது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, திரும்பி வந்த சரக்குக்குக் காரணம் தேடுவது ஆகியவை எங்கள் வேலை. அந்த வேலையில் நின்றுகொண்டு உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். ஒரு சிறு உற்பத்தியாளரை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அழைத்துப் போகும் முன், எந்தெந்த நாடுகள் அவருடைய பொருளுக்கு ஒத்துவராது என்று கழித்துப் பார்க்க அவருக்கு உதவுங்கள். உங்கள் பயிற்சித் திட்டங்களில் மிகக் குறைவான நேரம் பெறுவது இந்தக் கழித்தல்தான்.

இப்போது சந்தை எப்படித் தேர்வாகிறது? மானியத்தில் ஸ்டால் கிடைக்கும் நாடு, உறவினர் இருக்கும் நாடு, பக்கத்துப் பட்டறைக்காரர் அனுப்பும் நாடு, என்றோ ஒருநாள் மின்னஞ்சலில் விலை கேட்டு வந்த நாடு. இவற்றைக் குறை சொல்லவில்லை. மொழியும் பழக்கமும் தெரிந்த இடத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தொலைவுக்குப் போவது பல நிறுவனங்களின் வழக்கம். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1977-இலேயே இதை ஒரு மாதிரியாக எழுதியிருக்கிறார்கள். அறிமுகம் இருந்தால் பேச்சு தொடங்கிவிடும். சரக்கு உள்ளே போகுமா, போய் விற்குமா என்பது வரி, தரவிதி, சரக்குக் கட்டணம், பணம் வரும் நாள் ஆகிய நான்கின் கையில் இருக்கிறது.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடக் கூடாது. அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம்: குடிநீர்க் குழாயில் மாட்டும் அரை அங்குலப் பித்தளை இணைப்பு.

முதல் வேலை அதன் எச்.எஸ். குறியீட்டை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, சரியாகக் கண்டுபிடிப்பது. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்த வகைப்பாடு 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போதுள்ளது 2022 பதிப்பு. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. ஏழாவது இலக்கத்திலிருந்து அந்தந்த நாட்டின் விருப்பம். நம் பித்தளை இணைப்பு 7412.20-இல் வரும். அதே இணைப்புக்குள் திறந்து மூடும் ஒரு வால்வு இருந்துவிட்டால் அது 8481-க்குப் போய்விடும். எடை ஒன்று, உலோகம் ஒன்று, பெட்டியும் ஒன்றேதான். ஆனால் முதல் இரண்டு இலக்கம் குறிக்கும் அத்தியாயமே மாறிவிடுகிறது. இந்த இடத்தில் தவறினால் அதன்பின் பார்க்கும் இறக்குமதிப் புள்ளிவிவரம், வரி விகிதம், பூர்வீக விதி (பொருள் எந்த நாட்டில் உருவானதாக எண்ணப்படும் என்ற விதி) எல்லாம் வேறு யாருடைய பொருளுக்கோ உரியவை. உள்ளூர் விலைப்பட்டியலில் பழக்கத்தால் போட்டுவரும் எண்ணை அப்படியே ஏற்றுமதிக்கும் எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை.

சந்தேகம் இருந்தால் இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் இதற்கு வழி செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப் பெறும் வகைப்பாட்டுத் தீர்ப்பு மூன்று ஆண்டு செல்லும். அமெரிக்கச் சுங்கத் துறை தன் பழைய தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. தன் பொருளைப் போன்ற ஒன்றுக்கு என்ன எண் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று அங்கே ஒருமணி நேரம் படிப்பது நல்ல பயிற்சி.

எண் கைக்கு வந்ததும், பன்னாட்டு வர்த்தக மையத்தின் ட்ரேட் மேப் தளத்தில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டு ஐந்தாண்டு இறக்குமதியைப் பார்க்க வேண்டும். பலரும் மொத்த மதிப்பைப் பார்த்து, மேலே உள்ள ஐந்து நாடுகளைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். பித்தளைப் பொருளில் இது ஆபத்து. செம்பு விலை ஏறிய ஆண்டில் டாலர் மதிப்பு தானாகவே ஏறும். கிலோ அப்படியே இருக்கும். அதனால் எடையையும் பக்கத்தில் வைத்து, மதிப்பை எடையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று நாடுவாரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு நாடு கிலோ 9 டாலருக்கும் இன்னொன்று 16 டாலருக்கும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாடு எளிய சாதாரண ரகத்தை வாங்குகிறது. இரண்டாவது நாடு சான்றிதழுக்கும் பூச்சுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறது. நம்முடைய பொருள் எந்த ரகம் என்று உற்பத்தியாளருக்குத் தெரியும். இறக்குமதிப் புள்ளிவிவரம் பெரும்பாலும் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலையில் இருக்கும் என்பதால், ஒப்பிடும்போது தொழிற்கூட விலையை வைக்காமல் அந்தத் துறைமுகம்வரை ஆகும் விலையை வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கண்ணிகள் அந்த அட்டவணையில் உண்டு. நெதர்லாந்து, சிங்கப்பூர், ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை வாங்கி மறுபடி அனுப்பும் இடங்கள். அங்கே தெரியும் பெரிய இறக்குமதி எல்லாம் அங்கேயே பயன்படுவதில்லை. அந்த நாட்டின் ஏற்றுமதி அட்டவணையையும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, யாரிடமிருந்து வாங்குகிறார்கள் என்பது. முதல் சப்ளையர் நாடு முக்கால் பங்குக்கு மேல் வைத்திருந்து, அந்தப் பங்கு ஐந்தாண்டாக அசையவில்லை என்றால் சிறு தொழிற்கூடத்துக்கு அங்கே நுழைய இடம் குறைவு. மூன்றாவது, நான்காவது இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருந்தால், அங்கே வாங்குபவர்கள் புது ஆளைத் தேடுகிறார்கள் என்று பொருள்.

அடுத்த சல்லடை தரவிதி. இதை விலைக்கு முன்பே பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே தோற்றால் விலைக்கணக்கே தேவையில்லை. அந்த அரை அங்குல இணைப்பையே பாருங்கள். பிரிட்டிஷ் வழிவந்த பி.எஸ்.பி. மரைக்கு 55 டிகிரி கோணம், அமெரிக்க என்.பி.டி. மரைக்கு 60 டிகிரி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றை இன்னொன்றில் வைத்துத் திருப்பினால் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். மாட்டுகிறவர் பொருந்திவிட்டது என்று நினைத்து டேப் சுற்றி முறுக்கிவிடுவார். மரையின் முகங்கள் ஒன்றோடொன்று உட்காராததால் பிறகு கசியும். ஒரு அங்குல அளவில் ஒன்றுக்கு 11 மரை, மற்றொன்றுக்கு பதினொன்றரை என்பதால் அங்கே பிழை உடனே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது அரையும் முக்காலும்தான். சாம்பிள் அனுப்பும்போது வரைபடத்தில் மரையின் பெயரை எழுதாமல் ‘அரை அங்குலம்’ என்று மட்டும் எழுதுவது ஒரு கன்டெய்னர் சரக்கைத் திருப்பி வரவழைக்கப் போதும்.

மரையை மாற்ற லேத்தில் டூலை மாற்றினால் முடிந்தது. ஈயம் அப்படியில்லை. சுலபமாகக் கடைய வரும் சாதாரணப் பித்தளைக் கம்பியில் சுமார் 3 சதவீதம்வரை ஈயம் உண்டு. அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல், குடிநீரில் படும் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது வேறு கம்பி வாங்க வேண்டும். அது கடைய மெதுவாக வரும், டூல் சீக்கிரம் தேயும். இரண்டு ரகத்தின் சீவலும் ஒரே தொட்டியில் விழுந்தால் ஈயம் குறைந்த சீவல் கெட்டுப்போய் அதன் பழைய உலோக விலை இறங்கிவிடும். அதையே உருக்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கு அடுத்த வார்ப்பே பரிசோதனையில் தோற்றுவிடும். தனித் தொட்டி, தனி அலமாரி, முடிந்தால் தனி இயந்திரம். இதற்கு மேல் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் கட்டணம், ஆண்டுதோறும் தொழிற்கூட ஆய்வு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூனில் ஈயம் ‘மிகுந்த கவலைக்குரிய பொருள்கள்’ பட்டியலில் சேர்ந்தது. ஒரு பாகத்தின் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருந்தால் அதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2021 ஜனவரி 5 முதல் ஐரோப்பாவில் உள்ள இறக்குமதியாளர் அதற்கான தரவுத்தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். ஈய அளவு பற்றி அவர் கேட்கும் கடிதத்தை உடனே தர முடியாத சப்ளையரை அவர் மாற்றிக்கொள்வார். குடிநீருக்குத் தனி விதிகள் வேறு இருக்கின்றன.

வேறு பொருளாக இருந்தால் வேறு கேள்விகள் வரும். மின்சாரத்தில் ஓடும் பொருள் என்றால், ஐரோப்பாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட், அதிலும் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகமே மாறும். மரப் பேலட்டில் வைத்து அனுப்பினால், மரப் பேக்கிங்குக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும், அல்லது அந்த விதி ஏற்கும் வேறு சிகிச்சை பெற்றிருக்க வேண்டும்; முத்திரையும் வேண்டும். முத்திரையில்லாத ஒரு பேலட்டால் நல்ல சரக்கு துறைமுகத்தில் நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

இந்த விதிகளை எங்கே கேட்பது என்று தெரியாமல்தான் பலர் ஏஜென்டை நம்புகிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் தொழில்நுட்ப விதிகள் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு விசாரணை மையம் இருந்தாக வேண்டும். ‘இபிங்’ என்ற இலவசத் தளத்தில் பொருளையும் நாட்டையும் பதிந்துவைத்தால், வரப்போகும் விதிமாற்ற அறிவிப்புகள் மின்னஞ்சலில் வந்துவிடும். உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் இதில் பதிந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி விலை. தொழிற்கூட வாசலில் பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங், உள்நாட்டு வண்டி, துறைமுகச் செலவு 8. கப்பல் கட்டணமும் காப்பீடும் 10. ஆக 118. சுங்க வரி 5 சதவீதம் என்றால் சுமார் 124. அங்கே சரக்கை விடுவித்துக் கிடங்கில் சேர்க்க 6, மொத்தம் 130. இறக்குமதியாளர் தன் அடக்கத்தின் மேல் 25 சதவீதம் வைப்பார்: 162.5. கடைக்காரர் 40 சதவீதம்: 227.5. மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம் சேர்ந்து அலமாரியில் 273. நூறு ரூபாய்ப் பொருளோ நூறு டாலர் பொருளோ, வாங்கும் ஆள் கொடுப்பது இரண்டே முக்கால் மடங்கு.

எல்லோரும் இந்தக் கணக்கை மேலிருந்து கீழே போடுகிறார்கள். நீங்கள் கீழிருந்து மேலே போடக் கற்றுக்கொடுங்கள். அந்த நாட்டுக் கடைகளின் இணையதளத்தில் இதே தரத்துப் பொருள் 240-க்கு விற்கிறது என்றால், மதிப்புக்கூட்டு வரியைக் கழித்தால் 200. கடைக்காரர் பங்கு போக சுமார் 143. இறக்குமதியாளர் பங்கு போக 114. உள்செலவு போக 108. சுங்க வரி போக 103. கப்பலும் துறைமுகமும் போக 85. தொழிற்கூட வாசலில் 85-க்குத் தர முடியுமா? முடியாது என்றால் அந்த நாடு வேண்டாம். இந்தப் பதில் ஒரு மாலைநேரத்தில், செலவில்லாமல் கிடைக்கிறது. இதே பதிலைக் கண்காட்சியில் நான்கு நாள் நின்று, வாங்குபவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்து போவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சுங்க வரியைப் பார்க்கும்போது நமக்கு என்ன வரி என்பதோடு நிறுத்தக் கூடாது. அங்கே ஏற்கெனவே விற்கும் போட்டியாளர் நாட்டுக்கு என்ன வரி? அவர்களுக்கு வர்த்தக ஒப்பந்தம் இருந்து பூஜ்யம், நமக்கு 5 என்றால் ஓட்டமே ஐந்தடி பின்னால் தொடங்குகிறது. மார்க்கெட் ஆக்சஸ் மேப் தளத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நமக்குச் சலுகை உண்டென்றால் பூர்வீக விதியைப் படிக்க வேண்டும். பல ஒப்பந்தங்கள் நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும் என்கின்றன. வெளியிலிருந்து வாங்கிய பித்தளைக் கம்பி 7407, அதைக் கடைந்து செய்த இணைப்பு 7412, தலைப்பு மாறிவிட்டது. ஆனால் வெளிநாட்டில் செய்த இணைப்பையே வாங்கிப் பூச்சு மட்டும் போட்டால் 7412 எப்போதும் 7412-தான், சலுகை கிடையாது. சில ஒப்பந்தங்கள் உள்நாட்டு மதிப்பு இத்தனை சதவீதம் என்றும் சேர்த்துக் கேட்கும். குவிப்புத் தடுப்பு வரி (மிக மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கப் போடும் கூடுதல் வரி) எதுவும் அந்தப் பொருள்மேல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சரக்குக் கட்டணத்தில் சிறு உற்பத்தியாளர் அடிபடுவது பலருடைய சரக்கும் சேர்ந்து போகும் பகிர்வுக் கன்டெய்னரில். அங்கே ஒரு கனமீட்டர், ஒரு டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பித்தளை கனமானது; 0.8 கனமீட்டரில் 1.5 டன் இருந்தால் ஒன்றரைக்குக் கட்ட வேண்டும். விமானத்தில் கணக்கு தலைகீழ்: 6000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவுக்குச் சமம். 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டி உள்ளே 8 கிலோ பொருள் இருந்தாலும் 20 கிலோவாகவே எண்ணப்படும். பெட்டியின் ஒரு பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் குறைப்பது சில நாடுகளைப் பட்டியலுக்குள் திரும்பக் கொண்டுவரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பகிர்வுக் கன்டெய்னரில் கப்பல் கட்டணம் மலிவாகத் தெரியும், சேரும் துறைமுகத்தில் பிரித்துக் கொடுக்கும் செலவு அதைவிட அதிகமாகி வாங்குபவரின் தலையில் விழும். அவர் இரண்டாவது முறை கேட்க மாட்டார். கோட்டேஷன் வாங்கும்போதே அந்தப் பக்கச் செலவையும் எழுதி வாங்க வேண்டும்.

பணம் திரும்பும் நாள்களும் சந்தைத் தேர்வின் பகுதிதான், பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். உற்பத்திக்கு 30 நாள், கப்பலேற 10 நாள், கப்பலேறிய தேதியிலிருந்து 90 நாள் கடன் என்றால் கம்பி வாங்கிய பணம் 130 நாள் கழித்துத்தான் வரும். ஆண்டுக்கு மூன்று முறைகூடப் போட்ட முதல் சுழலாது. முன்பணம் 30 சதவீதமும் ஆவணத்துக்கு எதிராக மீதியும் தரும் வழக்கமுள்ள இடம், கொஞ்சம் குறைந்த விலையிலும் சிறு தொழிற்கூடத்துக்கு நல்லது. எல்.சி., அதாவது பணம் தர வாங்குபவரின் வங்கி பொறுப்பேற்கும் கடிதம் என்றால், அதில் வேறுவிதமாகச் சொல்லாதவரை சரக்கேறிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். சரிபார்க்க வங்கிக்கு ஐந்து வேலைநாள் வரை உண்டு. இன்வாய்ஸில் எழுதிய பொருளின் விவரம் எல்.சி.யோடு முரண்பட்டால் போதும், பணம் நிற்கும். ஏற்றுமதிக் கடன் காப்பீடு தரும் நிறுவனத்திடம் அந்த நாட்டுக்கும் அந்த வாங்குபவருக்கும் எவ்வளவு வரம்பு தருவீர்கள் என்று ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடலாம். வாசல்வரை வரியும் கட்டிக் கொண்டுவந்து தா என்ற டி.டி.பி. நிபந்தனையைப் புதியவர்கள் ஒப்புக்கொள்ளவே கூடாது. அந்த நாட்டு வரித்துறையில் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பே அதனால் தலையில் வந்து விழலாம்.

இருபது நாடுகளில் தொடங்கி இப்படிச் சலித்தால் கையில் நிற்பவை இரண்டோ மூன்றோதான். அதிலும் ஒன்றில் தொடங்குவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு நாடு என்றால் ஒரு சான்றிதழ், ஒரு லேபிள் மொழி, ஒரு கம்பி ரகம், ஒரே பெட்டி. ஆறு நாட்டில் ஆறு சின்ன ஆர்டர் பிடித்தவர் ஆறு விதமான பொருளைச் செய்துகொண்டு, எதிலும் கன்டெய்னர் நிரம்பாமல் தவிக்கிறார்.

உங்களிடம் கேட்பவை இவை. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் பதிவு செய்யும் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத் தாள் வாங்குங்கள்: ஆறு இலக்க எண், அந்த நாடு ஐந்தாண்டில் வாங்கிய கிலோ, ஒரு கிலோவின் விலை, நமக்கும் முதல் போட்டியாளருக்கும் உள்ள வரி, தேவையான சான்றிதழ், கீழிருந்து போட்ட விலைக்கணக்கு. இதை நிரப்பத் தெரியாதவருக்கு ஸ்டாலை மறுக்கச் சொல்லவில்லை, நிரப்பக் கற்றுக்கொடுங்கள். ஸ்டால் வாடகைக்குத் தரும் மானியத்தில் ஒரு பகுதியைப் பரிசோதனைக் கட்டணத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஒரே பொருளைச் செய்யும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஆய்வகத்தில் பேசினால் கட்டணத்தில் பேரம் பேசலாம். ஒரே துறைமுகத்துக்குப் போகும் சரக்கைச் சேர்த்து ஒரு முழுக் கன்டெய்னராகவும் அனுப்பலாம். இதைச் செய்ய ஒரு சங்கத்தால் முடியும், தனி ஆளால் முடியாது.

கண்காட்சி முடிந்ததும் எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானது என்று அறிக்கை வெளியிடுகிறீர்கள். பன்னிரண்டு மாதம் கழித்து இன்னொரு அறிக்கையும் வெளியிடுங்கள்: அதே வாங்குபவரிடமிருந்து இரண்டாவது ஆர்டர் எத்தனை பேருக்கு வந்தது? வராதவர்களிடம் காரணத்தைக் கேட்டு, பெயரை நீக்கிவிட்டு, எண் வாரியாகத் தொகுத்து எல்லோரும் படிக்கும்படி வையுங்கள். 7412.20-க்கு எதிரே ‘மரை பொருந்தவில்லை’, ‘ஈய அறிக்கை இல்லை’, ‘85-க்குத் தர முடியவில்லை’ என்று மூன்று வரி இருந்தால் அடுத்துப் போகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்டாலுக்குப் பணம் கட்டுவார்.

இப்படிக்கு,
சிறு தொழிற்கூடங்களின் ஏற்றுமதிக் கணக்கும் ஆவணமும் பார்க்கும் சிலர்